தராசில் தொங்கிய கேப்டன்

எழுதத் தெரிந்தவர்கள் எழுதுகிற பத்திரிகையில் வாரா வாரம் ஒரு பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு முதலில் என்னை மன்னித்துவிடுங்கள். பத்தாம் வகுப்பும் லோயர் டைப்பிங்கும்தான் என் படிப்பு. நாலு பேர் கூடிய இடத்தில் பெயரைச் சொல்லச் சொன்னாலே எனக்குக் குரல் இறங்கிவிடும். ஆசிரியர்தான் விடவில்லை. "உங்களைப் பேசவா சொல்றோம், எழுதத்தானே" என்றார்.

போன வாரம் மஞ்சூரிலிருந்து ஒரு வாசகர் போன் செய்தார். "கேப்டன் டீயில எத்தனை சக்கரை போடுவார்னுகூட எழுதறீங்க. அந்தத் தராசுக் கதையை மட்டும் ஏனுங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். ஒளித்து வைக்கவில்லை. அதில் நானும் வருகிறேன், அதனால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அவ்வளவுதான்.

இந்த வாரம்தான் முதல் தடவை படிக்கிறீர்கள் என்றால்: கேப்டன் சுந்தரராஜ் பட்டாளத்திலிருந்து வந்து வக்கீலானவர். பிறகு எங்கள் மலையிலிருந்து இரண்டு தடவை சட்டசபைக்குப் போனவர். குன்னூர் மார்க்கெட்டுக்கு மேலே இருந்த அவருடைய ஆபீசில் நான் டைப்பிஸ்ட். இது அவர் முதன்முதலில் தேர்தலில் நின்றபோது நடந்தது. அப்போது அவர் ஜெயிப்பார் என்று அவரைத் தவிர யாரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

சாணி

காலை நேரம். பனி இன்னும் விலகவில்லை. மஞ்சூர் ரோட்டில் ஒரு வளைவில் ஜீப்பை நிறுத்தினார் டிரைவர் ரங்கசாமி அண்ணன்.

"இங்க பாருங் கேப்டன்" என்றார்.

தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற பாதை ஓரத்துச் சுவரில் இரண்டு நாளுக்கு முன்னால்தான் எங்கள் சின்னத்தை நீலத்தில் வரைந்துவிட்டுப் போயிருந்தோம். இரண்டு தட்டுத் தராசு. கீழே கேப்டன் பெயர். இப்போது அந்தத் தராசின் ஒரு தட்டில் யாரோ ஒரு கை நிறையச் சாணியை அப்பியிருந்தார்கள். ஒரு தட்டில் மட்டும். பெயரின் மேல் ஒரு சொட்டுகூட இல்லை.

கேப்டன் இறங்கிப் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அதைப் பார்த்தார். கோர்ட்டில் சாட்சிப் பொருளைப் பார்க்கிற மாதிரி.

"எதிர்க்கட்சி ஆளா இருந்தா பேர்மேலதானே அப்பியிருப்பான்?" என்றார்.

"சாணி அப்பறவன் அத்தனை யோசிப்பானுங்களா?" என்றார் ரங்கசாமி அண்ணன்.

அடுத்த தோட்டத்துச் சுவரிலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும். எல்லாம் தோட்டத்துப் பக்கத்துச் சுவர்கள். டவுன் சுவர்களில் எங்கள் தராசு பளிச்சென்று இருந்தது.

டவுன் சுவர் பளிச்சென்று இருந்து என்ன செய்ய? டவுன் ஓட்டை இரண்டு பெரிய கட்சிகள் பங்கு போட்டுக்கொள்ளும். படுகர் ஊர்களிலும் அவரவர் ஆட்கள் இருந்தார்கள். சுயேச்சையாக நின்ற எங்களுக்குத் தோட்டத்து ஓட்டுதான் எல்லாம். அது விழுந்தால் ஜெயிக்கலாம். விழாவிட்டால் டெபாசிட்டும் மிஞ்சாது. லயத்து வீட்டை, அதாவது தோட்டத்தில் கம்பெனி கொடுத்த வரிசை வீட்டை, காலி செய்யச் சொன்ன வழக்குகளில் கேப்டன்தான் தொழிலாளிகளுக்காக வாதாடியவர். அவர்கள் கைவிட மாட்டார்கள் என்றுதான் நின்றார். ஓட்டுக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

குடையும் தராசும்

சின்னம் கொடுத்த அன்று ஊட்டிக்கு நானும் போயிருந்தேன். காகிதங்களைத் தூக்கிக்கொண்டு வர ஆள் வேண்டுமே. மிச்சமிருந்த சின்னங்களில் குடை இருந்தது. ரங்கசாமி அண்ணன் கேப்டனின் காதருகே போய், "குடை எடுத்துக்கலாமுங்க. இந்த மலையில வருசம் பாதி மழைதானுங்க. குடை இல்லாத ஊடு ஒண்ணு காட்டுங்க பாக்கலாம்" என்றார்.

கேப்டனின் கண் தராசின் மேல் விழுந்துவிட்டது. "வக்கீலுக்குத் தராசைவிடப் பொருத்தமா என்னப்பா இருக்கு?" என்றார். அன்று முழுக்கச் சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷமாக இருந்தார். திரும்புகிற வழியில் லவ்டேல் தாண்டும்வரை நியாயம், சமம், நடுநிலை என்று பேசிக்கொண்டே வந்தார்.

ரங்கசாமி அண்ணன் என்னைப் பார்த்து மெதுவாக, "குடைன்னா மழைக்காவது ஆவும்" என்றார்.

இடது காது

கேப்டனுக்கு இடது காது கேட்காது. பட்டாளத்தில் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று நின்று போய்விட்டது. அந்தக் காதுக்காகத்தான் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள் என்று சொல்லுவார்கள். அவர் சொல்லுகிற கதை வேறு.

காவல் வேலையில் தூங்கிவிட்டான் என்று ஒரு சிப்பாயை விசாரித்தார்களாம். அவனுக்காகப் பேசும் வேலையை இவர் தலையில் கட்டினார்களாம். அவனுக்கு மலேரியாக் காய்ச்சல் இருந்ததை ஆஸ்பத்திரியில் போய்த் தோண்டி எடுத்து, அவனை விடுவித்துவிட்டார். "அன்னைக்கு அவன் அழுதான் பாரு ஸ்டெல்லா, அப்பவே எனக்குத் துப்பாக்கி அலுத்துப்போச்சு" என்று என்னிடம் சொல்லுவார். ஊருக்கு வந்து, தலை நரைக்கத் தொடங்கிய வயதில், தன் மகன் வயதுப் பையன்களோடு உட்கார்ந்து சட்டம் படித்தார்.

கோர்ட்டில் அந்த இடது காது அவருக்குச் சௌகரியமாகவே இருந்தது. எதிர் வக்கீல் கத்தினால் இடது பக்கத்தைத் திருப்பிக்கொண்டு புன்னகை செய்வார். மேடையில் அது சௌகரியமில்லை. கூட்டத்தில் யாராவது இடது பக்கத்திலிருந்து திட்டினாலும் "நன்றி, நன்றி" என்று கும்பிடுவார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. பேச்சை முடிக்கும்போது வாய் தவறி, "இத்துடன் என் வாதத்தை முடித்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடுவார்.

என் கைக்கு மைக் வந்தது

சாணியைப் பார்த்த அன்று எங்களோடு மைக்கில் கத்துகிற தம்பிக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. குன்னூர்ப் பனியில் ஒரு வாரம் கத்தினால் யாருக்குத்தான் கட்டாது? கேப்டன் ஜீப்பைச் சுற்றிப் பார்த்தார். ரங்கசாமி அண்ணன் ஸ்டீயரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"ஸ்டெல்லா, நீ பேசு."

"சார், நான் கோயில்ல பாட்டுப் பாடறதே கடைசி வரிசையில நின்னு சார்."

"பொம்பளைங்க கேக்கணும். பொம்பளைக் குரல் நல்லது. டைப் அடிச்சியே, அதைப் பாத்து வாசி போதும்."

வாசித்தேன். முதல் தடவை என் குரல் எதிர் மலையில் பட்டுத் திரும்பி வந்தபோது, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நானே திரும்பிப் பார்த்தேன். ரங்கசாமி அண்ணன் சிரித்த சிரிப்பில் ஜீப் கோணலாகப் போயிற்று.

மடுவம்

சாயங்காலம் கொழுந்து நிறுக்கும் நேரத்துக்கு ஒரு தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். தோட்டத்தின் பெயர் வேண்டாம். அங்கே வேலை செய்தவர்கள் பெரும்பாலும் சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள். கொழுந்து நிறுக்கிற கொட்டகையை அவர்கள் மடுவம் என்பார்கள். தகரக் கூரை போட்ட அந்த மடுவம் ரோட்டை ஒட்டியே இருந்தது. சுவரை எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு மூலையில் சிமெண்டு மூட்டைகள் அடுக்கியிருந்தன. பெண்கள் இடுப்பில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, கொழுந்து மூட்டையோடு வரிசையில் நின்றார்கள். பச்சை வாடை மூக்கில் ஏறியது.

கேப்டன் ஜீப்பின் முன்னால் நின்று பேசினார். நன்றாகத்தான் பேசினார். லயத்து வீட்டு வழக்கைச் சொன்னபோது இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். "நியாயத்தின் அடையாளமான தராசுச் சின்னத்தில் முத்திரை குத்துங்கள், இத்துடன் என் வாதத்தை முடித்துக்கொள்கிறேன்" என்று முடித்தார்.

ஒரு கைதட்டல் இல்லை. நான் நோட்டீஸ் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, ஒருவர் பின் ஒருவராக என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்கள். எனக்கு முகம் சுட்டது.

வரிசையில் ராக்கம்மா என்று ஒரு அக்கா இருந்தார். வெற்றிலை போட்ட வாய், தலையில் மழைக்கான பிளாஸ்டிக் உறை. அவர் நின்றது கேப்டனின் இடது பக்கம்.

"ஏங்கையா, ஒங்களுக்கு வேற சின்னமே கெடைக்கலையா?" என்றார்.

"நன்றிம்மா, நன்றி" என்று கும்பிட்டார் கேப்டன்.

வரிசையில் சிரிப்புக் கிளம்பியது.

"தெனமும் எங்களத் திங்கிறது இந்தத் தராசு. அதுக்கே ஓட்டும் போடணுமாக்கும்?"

"கண்டிப்பா, கண்டிப்பா. உங்களை நம்பித்தானேம்மா நிக்கிறேன்" என்றார் கேப்டன்.

பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். தராசுக்குப் பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர்கூடச் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குத் தாங்கவில்லை. கேப்டனின் வலது பக்கமாக ஓடிப்போய் அவர் காதில் ரகசியமாகச் சொன்னேன்.

"சார், அவங்க உங்களைக் கேலி பண்றாங்க சார். இந்தத் தராசுதான் தினமும் அவங்களைத் தின்னுதாம். அதுக்கு எப்படி ஓட்டுப் போடறதுன்னு கேக்கறாங்க."

ஒரு கையில் நோட்டீஸ் கட்டு இருந்தது. இன்னொரு கையில் மைக். மைக்கை நான் அணைக்கவில்லை.

என் ரகசியம் மடுவத்துக் கூரைக்கு மேலே போய், லயத்து வீடுகளைத் தாண்டி, எதிர் மலையில் முட்டி, "கேக்கறாங்க" என்று திரும்பி வந்தது. கீழே சரிவில் தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்த ஆண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

கேப்டன் என்னைத் திட்டவில்லை. மடுவத்துக்குள் உத்திரத்தில் தொங்கிய தராசைப் பார்த்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். எங்கள் நோட்டீசில் இருந்தது இரண்டு தட்டு. இங்கே தொங்கியது கடிகாரம் மாதிரி வட்ட முகம், ஒரு முள், கீழே மூட்டை மாட்டக் கொக்கி. ஆனால் இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான். கோர்ட்டில் எங்களுக்கு அது நியாயம். இங்கே அது சாயங்காலந்தோறும் கொழுந்தைக் குறைத்துக் காட்டுகிற சாமான். சுவரில் ஒரு தட்டில் மட்டும் ஏன் சாணி என்று எனக்கு அந்த நிமிஷம் புரிந்துவிட்டது: ஒரு பக்கமே சாய்கிற தராசு என்று சொல்லியிருக்கிறார்கள்.

கொக்கி

"அம்மா, உங்க பேர் என்ன?" என்றார் கேப்டன். இப்போது வலது காதைத் திருப்பிக்கொண்டு.

"ராக்கம்மாங்கய்யா."

"எவ்வளவு தின்னும்?"

"அது ஆளப் பொறுத்துங்கய்யா. சாக்கு எங்க முதுகுல இருக்கிறப்ப கனக்கும், கொக்கியில மாட்டினா எளைச்சிரும்."

கேப்டன் கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். நேராகத் தராசுக்குப் போனார்.

"சார், அது கம்பெனிச் சாமானுங்க, தொரை இல்லாத நேரத்துல..." என்று சூப்பர்வைசர் குறுக்கே வந்தார்.

"ஒடைக்க மாட்டேன் தம்பி" என்று சொல்லி, கொக்கியை இரண்டு கையாலும் பிடித்து, கால்களை மடக்கித் தொங்கினார். பட்டாளத்தில் கம்பியில் தொங்குவார்களே, அப்படி. பாலிஷ் போட்ட ஷூ இரண்டும் தரையைவிட்டு எழும்பின. உத்திரம் கிறீச்சிட்டது. ரங்கசாமி அண்ணன் ஓடிப்போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கீழே நின்றார்.

"முள்ளைப் படி ஸ்டெல்லா. மைக்ல படி."

நான் படித்தேன். "அறுபத்தாறு."

தொங்கியபடியே, "சட்டைப் பையில ஒரு அட்டை இருக்கு, எடு" என்றார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் குன்னூர் ஸ்டேஷனில் காசு போட்டு எடை பார்ப்பது அவர் வழக்கம். ரங்கசாமி அண்ணன் எட்டி அதை எடுத்துக் கொடுத்தார். ஒரு பக்கத்தில் எடை. மறுபக்கத்தில் ‘உங்கள் பேச்சு பலரைக் கவரும்’ என்று இருந்தது.

"எழுபத்திரண்டு" என்று வாசித்தேன்.

"ஐயாவையே ஆறு கிலோ தின்னுருச்சு" என்றது ஒரு குரல். மடுவமே அதிர்ந்தது. கேப்டனும் சிரித்துக் கை நழுவி இறங்கிவிட்டார்.

சூப்பர்வைசர் விடவில்லை. "காசு போடற மெசினெல்லாம் ஒரு கணக்காங்க? அது சும்மா ஆளை ஏய்க்கறதுங்க."

"நியாயம்தான்" என்றார் கேப்டன். "ஒரு சாட்சி போதாது." சுற்றிப் பார்த்தார். அவருடைய பார்வை மூலையில் போய் நின்றது. "அந்தச் சிமெண்டு யாரோடது?"

"கம்பெனியோடதுங்க."

"ரங்கசாமி, பிரிக்காத மூட்டை ஒண்ணு கொண்டா."

மூட்டையின் மேல் பெரிய எழுத்தில் ஐம்பது கிலோ என்று அச்சடித்திருந்தது. ரங்கசாமி அண்ணனும் இன்னொருவரும் கயிறு கட்டி அதைக் கொக்கியில் மாட்டினார்கள். வரிசை கலைந்து எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள். கவாத்து வெட்டிய ஆண்களும் கத்தியோடு மேலே ஏறி வந்திருந்தார்கள். முள் ஆடியது, ஆடியது, நின்றது. என் இதயம் அடித்துக்கொண்ட சத்தம் மைக்கில் கேட்டிருக்குமோ என்று இப்போதும் நினைப்பேன்.

"நாற்பத்துநாலு" என்றேன்.

அதே ஆறு.

சூப்பர்வைசர் கெட்ட மனுஷன் இல்லை. தலையைச் சொறிந்துகொண்டு, "அது வந்துங்க சார், சாக்குக்கும் ஈரத்துக்கும் முன்னாடியே கழிச்சு முள்ளை வெச்சிருக்குதுங்க. தொரை சொன்னதுங்க" என்றார்.

ராக்கம்மா முன்னால் வந்தார். "முள்ளுலேயே கழிச்சாச்சா? அப்ப தெனமும் நிறுத்ததுக்கப்புறம், சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவுன்னு வாயால கழிக்கிறியே ராசா, அது எதுக்கு?"

சூப்பர்வைசர் மறுபடியும் தலையைச் சொறிந்தார். என் கையில் இருந்த மைக் இன்னும் அணைக்கப்படவில்லை. இந்தத் தடவை அது தவறுதலாக இல்லை.

கேப்டன் வெளியே வந்து ஜீப் பானெட்டில் ஒட்டியிருந்த சின்னத்தைக் காட்டினார். மேடையில் பேசுகிற குரலை விட்டுவிட்டு, ஆபீசில் வழக்கு கொண்டுவந்தவர்களிடம் பேசுகிற மாதிரிப் பேசினார்.

"இனி சின்னத்தை மாத்த முடியாதும்மா. குடை எடுக்கச் சொல்லி இவர் தலைப்பாடா அடிச்சுக்கிட்டார், நான் கேக்கலை. ஒண்ணு மட்டும் சொல்றேன். தராசு சரியா காட்டினா அது என் சின்னம். பொய்யா காட்டினா அது எனக்கு எதிரா நிக்கிறவன் சின்னம்."

"அதெல்லாம் சரிங்கய்யா" என்றார் ராக்கம்மா. "செயிச்சுப் போயிட்டா மெட்ராசுல மெத்தையில ஒக்காந்துருவீங்க. மாசம் ஒருக்கா இங்க வந்து தொங்குவீங்களா?"

"தொங்கறேன்."

"கொடல் சரிஞ்சிரப் போவுது."

"சரிஞ்சா உங்க சாக்குல அள்ளிப் போட்டு நிறுத்துக்குங்க. ஆறு கிலோ கழிச்சு."

அந்தச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. ராக்கம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னிடம் வந்து கையை நீட்டினார்.

"தங்கச்சி, அந்த நோட்டீசக் குடு. எங்க வீட்டுல பத்து ஓட்டு இருக்கு. இந்த மனுசன் தொங்குறதப் பாக்கவாவது போடணும்."

கட்டு முழுவதும் போய்விட்டது. திருப்பிக் கொடுத்தவர்கள் எல்லாரும் மறுபடி கேட்டு வாங்கினார்கள். போதாமல், டவுனுக்கு என்று வைத்திருந்த கட்டையும் பிரித்தேன்.

திரும்பும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. கேப்டன் உள்ளங்கையில் கொக்கி அழுத்திய தடத்துக்கு எச்சில் தொட்டுத் தடவிக்கொண்டே வந்தார். அடுத்த லயம் வந்ததும் ரங்கசாமி அண்ணன் வேகத்தைக் குறைத்து என்னைப் பார்த்தார். என் மடியில் டைப் அடித்த காகிதம் இருந்தது. அதை நான் எடுக்கவில்லை.

"அக்கா தங்கச்சிங்களே, உங்க தோட்டத்துத் தராசு உங்களை எவ்வளவு தின்னுது? பக்கத்துத் தோட்டத்துல எங்க கேப்டனையே ஆறு கிலோ தின்னுருச்சு. வெளியில வாங்க, சொல்றேன்" என்றேன்.

ஒரு கதவு திறந்தது. பிறகு வரிசையாக எல்லாக் கதவும் திறந்தன. விளக்குகளோடு வந்தார்கள். அன்று எத்தனை லயத்தில் அதைச் சொன்னேன் என்று தெரியாது. ஒரு இடத்திலும் என் குரல் இறங்கவில்லை. மலை திருப்பிச் சொன்னபோது நான் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

மறுநாள் காலையில் அந்தத் தோட்டத்து மடுவத்தில் பழைய தராசைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டினார்கள். எங்கள் ஜீப்பை உள்ளே விடக் கூடாது என்று கேட்டில் ஒரு ஆளை நிறுத்தினார்கள்.